சிஸ்டர் என்று அவர் அழைத்த வருடங்கள்

என் கணவர் என்னை முதன்முதலில் "சிஸ்டர்" என்று அழைத்தது ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டில். கோயமுத்தூரில் மோட்டார் பம்பு செய்யும் பட்டறை ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். லேத்தில் இடது கை மாட்டி, இரண்டு விரல்களின் நுனி போய், சட்டையெல்லாம் ரத்தமாக வந்து சேர்ந்தார். நான் நர்ஸ் படிப்பு முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிது. கட்டுப் பிரிக்கும்போது மீசை வைத்த பெரிய ஆட்களே ஊரைக் கூட்டுவார்கள். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஏனுங்க சிஸ்டர், நீங்க சாப்புட்டாச்சுங்களா?" என்று கேட்டார். காயத்திலிருந்து கண்ணை எடுக்க முடியாத வேலை. இருந்தும் நான் நிமிர்ந்து பார்த்துவிட்டேன்.

அவருடைய ஊர் காரமடையை ஒட்டி. கிணறும் வாழைத்தோப்பும் கறவை மாடுகளும் உள்ள விவசாயக் குடும்பம். அவர் வார்டில் இருந்தவரை அவருடைய அம்மா தினமும் முதல் பஸ்ஸைப் பிடித்து, தூக்குப்போசியில் சாப்பாடு கொண்டுவருவார். என்னிடமும் ஒரு கை சோறு நீட்டி, "நீயும் கொஞ்சம் தின்னு கண்ணு" என்பார். அந்த அம்மாவுக்கு என்னை நிரம்பப் பிடித்திருந்தது. மகன் என்னைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொல்லும்வரை.

நான் போத்தனூர் ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்த கிறிஸ்தவப் பெண். எங்கள் வீட்டில் ஞானஸ்நானம் வாங்காதவருக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள். "எனக்காக மட்டும் வாங்கறதா இருந்தா வேண்டாம். அது பொய்யாப் போயிடும்" என்று நான் சொன்னேன். அவர் யோசித்தார். ஆறு மாதம் எங்கள் சபை ஆயரிடம் வகுப்புக்குப் போனார். பிறகு வந்து சொன்னார்: "உங்களுக்காகத்தான் உள்ளே வந்தனுங்க. வந்த பொறவு இருக்கறது எனக்காகத்தான்."

அவருடைய அப்பா, ஊருக்குள் காலெடுத்து வைக்க வேண்டாம் என்று பட்டறைக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். அம்மாவிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

எங்கள் கல்யாண வாழ்க்கையை இப்போது நினைத்தால் எனக்கு முதலில் வருவது சைக்கிள்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளை முன்கம்பியில் உட்கார வைத்து, என்னைப் பின்னால் ஏற்றி, ரயில்வே கேட் திறக்கக் காத்து நிற்பார். வண்டி போகும் சத்தத்துக்கு மேலாக அவர் பாடுவார். ராகம் ஒருநாளும் சேர்ந்ததில்லை. சபையில் அவருக்கு முன்வரிசையில் உட்காருகிறவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு பாடுவார்கள். ஆனால் வேதபாடம் வாசிக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். கொங்குப் பேச்சின் நிதானத்தோடு, யாரோ பக்கத்து வீட்டில் நடந்ததைச் சொல்வதுபோல் வாசிப்பார்.

கிறிஸ்துமஸுக்கு எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் கேக் மணம் வரும். எங்கள் வீட்டில் கச்சாயம். அரிசி மாவும் வெல்லப்பாகும் சேர்த்து எண்ணெயில் சுடும் அந்தப் பலகாரத்தை அவர் யாரிடமும் கற்றுக்கொண்டதில்லை. அம்மா சுடும்போது அடுப்புக்கு எதிரில் உட்கார்ந்து பார்த்ததுதான். முந்தானையைச் செருகுவதுபோல் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, "பாகு இன்னும் சித்தே இறுகோணும்" என்று தனக்குத்தானே பேசிக்கொண்டு சுடுவார். என்னைக் கிட்டே விடமாட்டார். முதல் கச்சாயத்தை ஒரு தட்டில் எடுத்துத் தனியாக வைப்பார். யாருக்கு என்று நான் கேட்டதில்லை. மாலையில் அதை மகளுக்குக் கொடுத்துவிடுவார்.

தினமும் விளக்கு வைத்த பிறகு குடும்ப ஜெபம். நடத்துவது அவர்தான். நாட்டுக்காக, சபைக்காக, பட்டறைக்காரர்களுக்காக எல்லாம் ஜெபித்துவிட்டு, கடைசியில் காரமடையில் இருக்கும் அப்பா, அம்மா, தங்கச்சி என்று ஒவ்வொருவராகச் சொல்வார். அம்மா இறந்த செய்தி, காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் எங்களுக்கு வந்தது. அன்றைக்கும் ஜெபம் நடத்தினார். அம்மா என்ற இடத்துக்கு வந்ததும் நிறுத்தி, மூச்சை இழுத்துக்கொண்டு, தங்கச்சிக்குப் போய்விட்டார்.

அந்தத் தங்கை எங்கள் மகள் கல்யாணத்துக்கு மட்டும் வந்தாள். தேவாலயத்துக்குள் வராமல் வேப்பமரத்தடியில் நின்றாள். அவர் கோட்டும் சூட்டுமாக ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. போன் நம்பர் வாங்கிவைத்தோம். பண்டிகைக்கு ஒருமுறை பேசுவார்கள். அவ்வளவுதான்.

மறதி எங்கே தொடங்கியது என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒரு நாள் மாலை ஜெபத்தை நடுவில் நிறுத்திவிட்டு, கண்ணைத் திறந்து, "அப்புறம் என்னம்மிணி?" என்று கேட்டார். எத்தனையோ வருடங்களாக அவர் வாயில் ஓடிக்கொண்டிருந்த ஜெபம். நான் எடுத்துக் கொடுத்தேன். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு மாவு மில்லுக்குப் போனவர் வழி தெரியாமல் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருந்தார். தெரிந்த ஆட்டோக்காரர் ஏற்றிக்கொண்டு வந்து விட்டார். அந்த வருடம் கச்சாயத்தில் வெல்லம் இல்லை. சுட்டு முடித்து, பிட்டு வாயில் போட்டுப் பார்த்து, என் முகத்தை அவர் பார்த்த பார்வையில் நான் நர்ஸாக எல்லாவற்றையும் தெரிந்துகொண்டேன். டாக்டர் சொன்னது அதற்கு அப்புறம்தான்.

வைத்தியம் பார்த்தோம். மாத்திரைகள் கொஞ்ச காலம் பிடித்து நிறுத்தின. பெங்களூரில் இருக்கும் மகள், நல்ல ஹோம் ஒன்றில் சேர்த்துவிடலாம் என்று அழுதாள். "நீ தனியா எப்படிம்மா பார்ப்பே?" என்றாள். "எனக்கு வேற என்ன வேலை தெரியும்? வாழ்நாள் பூராவும் இதைத்தானே பார்த்தேன்" என்றேன்.

ஒருநாள் காலையில் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, மரியாதையாகத் தலையாட்டினார்.

"தேங்க்ஸுங்க சிஸ்டர். டாக்டரு எப்ப வாராருங்க?"

நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் முகத்தில் பயமோ குழப்பமோ இல்லை. கட்டிலில் சாய்ந்து ரவுண்ட்ஸுக்குக் காத்திருக்கும் நோயாளியின் பொறுமை. இடது கையை மார்போடு சேர்த்து வைத்திருந்தார், கட்டுப் போட்ட கையை வைத்திருப்பதுபோல். எங்கள் கல்யாணமும் மகளும் அந்த வீடும் அவருக்குள்ளிருந்து போய்விட்டன. நான் மட்டும், அவர் என்னைக் கண்ட முதல் நாளின் உருவத்தில், மிச்சம் இருந்தேன். அழ வேண்டியவள்தான். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அந்தக் காலையில் எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. வெள்ளைக் கவுன் போட்டுக்கொண்டு நிற்கும் பெண்ணை ஒருவர் பார்ப்பதுபோல் அவர் என்னைப் பார்த்தார்.

"டாக்டர் வருவாருங்க. நீங்க காபியைக் குடிங்க" என்றேன்.

"என்ற அம்மா வந்தாங்களா?"

"பஸ்ஸு இன்னும் வரலீங்க."

"வருவாங்க" என்றார்.

அன்று முதல் நான் சிஸ்டர்தான். குளிப்பாட்டும்போது, சட்டை மாட்டும்போது, சோறு ஊட்டும்போது ஒவ்வொன்றுக்கும் தேங்க்ஸ் சொல்வார். கணவன் மனைவியாக இருந்த காலத்தில் அப்படிச் சொல்லிக்கொள்ளும் வழக்கம் எங்களுக்கு இல்லை. ஊட்டுவதற்கு முன் அவர் கேட்கும் கேள்வியும் மாறவில்லை. நான் சாப்பிட்டாயிற்றா என்று.

அதெல்லாம் என்னால் தாங்க முடிந்தது. தாங்க முடியாத ஒன்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. தேவாலயத்துக்குப் புறப்பட அவருக்குச் சட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனேன். கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தார். முகப் பவுடரைத் தண்ணீரில் குழைத்து, நெற்றியில் நாமம் போட்டிருந்தார். நேராக, அழகாக, கை நடுங்காமல் இழுத்த கோடுகள். கைகளைத் தலைக்குமேல் குவித்து, "ரங்கா, ரங்கா" என்றார்.

இந்த மனிதர் என் கையைவிட்டுப் போவதை நான் எப்படியோ ஏற்றுக்கொண்டிருந்தேன். கர்த்தருடைய கையையும் விட்டுப் போகிறாரா? எத்தனை வருட ஆராதனை, எத்தனை ஜெபம், எல்லாம் மேலே பூசிய பூச்சுதானா? ஈரத்துண்டை எடுத்து அவர் நெற்றியைத் துடைத்தேன். கொஞ்சம் அழுத்தியே துடைத்திருப்பேன். அவர் நெற்றியைக் கையால் மூடிக்கொண்டார்.

"ஏனுங்க சிஸ்டர் அழிச்சுப்போட்டீங்க? அம்மா வந்தா வையுமுங்க."

அன்று நாங்கள் தேவாலயத்துக்குப் போகவில்லை.

நான் இதை சபையில் ஒரே ஒரு தோழியிடம் சொன்னேன். அந்த வாரமே பெண்கள் சங்கத்திலிருந்து சிலர் வந்தார்கள். நல்ல மனதோடு வந்தவர்கள்தான், பழமும் பிரட்டும் வாங்கி வந்தார்கள். அவர்களில் ஒருவர், "இது வியாதி மட்டும் இல்லக்கா. பழைய சாமியோட கட்டு ஒண்ணு இருக்கு. அதை உடைச்சு ஜெபிக்கணும்" என்று சொல்லி, அவர் தலையில் கைவைத்துச் சத்தமாக ஜெபிக்கத் தொடங்கினார். என் கணவர் பயந்துபோய்ச் சுவரோரம் ஒட்டிக்கொண்டு என்னையே பார்த்தார். நான் எழுந்து குறுக்கே போய் நின்றேன்.

"போதும்க்கா. பேஷண்டுக்கு ரெஸ்ட் வேணும்" என்றேன்.

அந்தக் குரல் என் வார்டுக் குரல். வருடக்கணக்கில் நான் பயன்படுத்தாதது. அவர்கள் எழுந்துவிட்டார்கள். அதன்பின் நான் சபைக்குப் போவது குறைந்தது.

மறுவாரம் ஆயர் வந்தார். எங்கள் சபைக்கு மாற்றலாகி வந்து அதிக காலம் ஆகாதவர். அவரிடம் நேராகவே கேட்டேன். "ஐயா, அவருக்கு இயேசுவை ஞாபகம் இல்லை. சின்ன வயசுச் சாமிதான் ஞாபகம் இருக்கு. அப்போ அவருடைய விசுவாசம் என்ன ஆச்சு?"

அவர் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, "எனக்குத் தெரியலைம்மா. தெரிஞ்ச மாதிரி சொன்னா அது உங்களை ஏமாத்தறது" என்றார். அப்போது நான் என் கணவருக்குச் சவரம் செய்ய உட்கார்ந்திருந்தேன். ஆயர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அவர் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டார். சவரம் முடிந்ததும் இருவருக்கும் ஜெபித்துவிட்டுப் போனார். பதில் கிடைக்காவிட்டாலும் அன்று எனக்குத் தூக்கம் வந்தது.

பதில் போல ஒன்று எனக்கு வேறு விதமாக வந்தது, துணி காயப்போடும்போது. வார்டில் நினைவில்லாமல் கிடந்த எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன். தன் பெயர் என்ன என்று அவர்களுக்குத் தெரியாது. ஆனால் கட்டில் கால்மாட்டில் தொங்கும் அட்டையில் பெயர் இருக்கும். ஷிப்ட் மாறும்போது ஒரு சிஸ்டர் அடுத்த சிஸ்டரிடம் பெயரைச் சொல்லித்தான் ஒப்படைப்பாள். நோயாளி எழுந்து தன் பெயரைச் சொல்லவேண்டும் என்று யாரும் காத்திருப்பதில்லை. நாங்களே அவ்வளவு செய்வோம் என்றால், ஆண்டவர் குறைத்தா செய்துவிடுவார்? ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நான் அங்கேயே நின்றேன். அதற்குப் பிறகு அவர் பவுடரைக் குழைத்தால் நான் துடைக்கவில்லை. வேர்வையில் தானே போகும்.

காரமடை ரங்கன் கோயிலில் தேர் இழுக்கும் மாசி மாதம் நெருங்கியது. எந்தக் காலண்டரும் பார்க்காமல் அவருக்கு எப்படித் தெரிந்ததோ, "காரமடைத் தேரு வருதுங்க. நான் போவோணும். அம்மா தேடுமுங்க" என்று தொடங்கிவிட்டார். காலையில் எழுந்ததும் செருப்பைத் தேடுவார். கதவைப் பூட்டினால் கதவோடு மல்லுக்கட்டுவார். சாப்பாடு குறைந்தது. நான் ஜெபித்துப் பார்த்தேன். கூட்டிப் போ என்றும் எனக்குக் கேட்கவில்லை, போகாதே என்றும் கேட்கவில்லை. கடைசியில் அவர் தங்கைக்குப் போன் போட்டேன்.

விஷயத்தைச் சொன்னேன். எதிர்முனையில் அழுகை. "தேரு அன்னிக்குக் கூட்டம் தாங்காதுங்க. அண்ணன் பயந்துக்கும். அதுக்கு முந்தியே, தேரு கட்டறப்பவே வந்துருங்க. நானு ஸ்டேஷனுக்கே வாரேன்" என்றாள்.

போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையம் போகும் ரயிலில் அவரை ஜன்னலோரம் உட்கார வைத்தேன். கோயமுத்தூர் தாண்டியதும் அவர் முதுகு நிமிர்ந்தது. காற்றுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, மலை தெரியத் தொடங்கியதும் என் முழங்கையைத் தட்டி, "பாருங்க சிஸ்டர், எங்கூரு மலை" என்றார். இத்தனை வருடத்தில் அவரும் நானும் சேர்ந்து அந்த ரயிலில் வந்ததே இல்லை. ஊட்டிக்குப் போனபோதுகூட பஸ்ஸில், காரமடை வந்ததும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனோம்.

பிளாட்பாரத்தில் அவருடைய தங்கை நின்றிருந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. "அண்ணா" என்று வந்து கையைப் பிடித்தாள். அவர் குழப்பமாகப் பார்த்து, "நீங்க யாருங்க?" என்றார். அவள் முகம் விழுந்துவிட்டது. பிறகு என் பக்கம் திரும்பினாள். கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, "வாங்க நங்கையா" என்றாள்.

கொங்கு நாட்டில் அண்ணன் மனைவியை அப்படித்தான் அழைப்பார்கள். அக்கம்பக்கத்து வீடுகளில் அந்தச் சொல்லை ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன். எனக்கென்று அதை யாரும் சொன்னதில்லை. கல்யாணமாகிக் கிழவியான பிறகு, ஒரு ரயில் நிலையத்தில் அது வந்து சேர்ந்தது. நான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

தேரை அலங்கரித்துக்கொண்டிருந்தார்கள். மேலே நின்றவர்கள் துணி கட்ட, கீழே வடத்தை நீட்டி வைத்திருந்தார்கள். அவர் குனிந்து வடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நுனி இல்லாத விரல்களால் சக்கரத்தின் மரத்தைத் தடவினார். கோயிலுக்குள் தங்கை அவரைக் கூட்டிப்போவது, நான் வெளியே இருப்பது என்றுதான் பேசியிருந்தோம். வாசலில் மேளம் முழங்கியதும் அவர் மிரண்டார். என் கையைப் பற்றியவர் விடவில்லை. "சிஸ்டரும் வரோணும்" என்றார்.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள், "உங்களுக்குச் சங்கடம்னா வேண்டாமுங்க நங்கையா. திரும்பிக்கலாம்" என்றாள். மகள் கல்யாணத்தில் அவள் வேப்பமரத்தடியில் நின்றது எனக்கு நினைவு வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

சன்னதி முன்னால் அவர் கைகுவித்து நின்றார். அர்ச்சகர் தீர்த்தம் கொடுத்தார். வாங்கிக் குடித்து, மிச்சத்தைத் தலையில் தடவிக்கொண்டார். சின்னப் பையனின் முகம். நான் அவர் பக்கத்தில் நின்று என் ஆண்டவரிடம் ஜெபித்தேன். வாய் அசையாமல். "இந்த மனுஷனைக் கவனிக்க என்னை வைத்திருக்கிறீர். இவர் எங்கே போகிறாரோ அங்கே நான் போக வேண்டியிருக்கிறது. நீரும் கூட வாரும்" என்று. வேறெதுவும் தோன்றவில்லை. பயமும் வரவில்லை.

பிறகு அவர்கள் தோட்டத்து வீட்டுக்குப் போனோம். தங்கையின் கணவரும் மகனும் மருமகளும் இருந்தார்கள். வாழையிலை போட்டார்கள். பழத்தைப் பிசைந்து நாட்டுச் சர்க்கரை போட்டு முதலில் வைத்தார்கள், அவர் சின்ன வயதில் அப்படித்தான் கேட்பாராம். எல்லோரும் அவர் கை வைக்கக் காத்திருந்தார்கள். அவர் கை வைக்கவில்லை. இரண்டு கைகளையும் மடியில் கோத்து, தலையைக் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டார். நெற்றியில் கோயில் நாமம் இன்னும் ஈரமாக இருந்தது.

"ஏனுங்க, சாப்புடலியா? பிடிக்கலியா?" என்று தங்கையின் கணவர் கேட்டார்.

எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் வீட்டில் ஜெபம் சொல்லாமல் யாரும் சோற்றில் கை வைத்ததில்லை. ஜெபத்தின் வார்த்தைகள் அவரிடம் இல்லை. யாராவது சொல்வார்கள் என்ற காத்திருப்பு மட்டும் இருந்தது. நான் தயக்கத்தோடு, "சாப்பிடறதுக்கு முன்னே ஜெபம் பண்ணுவோம். அதுக்குத்தான் காத்திருக்காரு" என்றேன்.

"பண்ணுங்க நங்கையா. எல்லாருக்குமா சேத்திப் பண்ணுங்க" என்றாள் அவள்.

அவருடைய அப்பாவும் அம்மாவும் வாழ்ந்த வீட்டில், அவர்களுடைய மாலை போட்ட படங்களுக்குக் கீழே, நான் வாய்விட்டு ஜெபித்தேன். சாப்பாட்டுக்காக, சமைத்த கைகளுக்காக, அந்த வீட்டுக்காக. முடித்ததும் அவர், "ஆமென்" என்றார். பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "சர்க்கரை இன்னும் கொஞ்சம் போடோணும்மா" என்று தங்கையைப் பார்த்துச் சொன்னார். அவள் ஓடிப்போய் டப்பாவையே எடுத்து வந்துவிட்டாள்.

காரமடை போய்வந்தது சபையில் தெரிந்துபோயிற்று. நான் மறைக்கவும் இல்லை. சிலர் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். திருவிருந்து ஆராதனை வந்தபோது, நான் போகலாமா என்று எனக்கே தயக்கமாக இருந்தது. வீட்டிலேயே இருந்துவிட்டேன். ஆராதனை முடிந்ததும் ஆயர் அங்கியைக்கூடக் கழற்றாமல் அப்பத்தையும் திராட்சரசத்தையும் எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

"நான் கோயிலுக்குப் போனேன் ஐயா" என்றேன்.

"கேள்விப்பட்டேன். அங்கே என்ன செஞ்சீங்க?"

"ஜெபம் பண்ணினேன்."

"யாருகிட்ட?"

"நம்ம ஆண்டவர்கிட்டதான்."

"சரிம்மா, உட்காருங்க" என்றார்.

கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் வெள்ளைத் துணி விரித்தோம். ஆயர் வார்த்தைகளைச் சொல்லி, என் கணவரின் உள்ளங்கையில் அப்பத்தை வைத்தார். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது என்ன என்று அவருக்குத் தெரியவில்லை. தின்னும் பொருள் என்று மட்டும் தெரிந்தது. பிறகு அதை இரண்டாகப் பிட்டு, பெரிய துண்டை என்னிடம் நீட்டினார்.

"நீங்களும் சாப்புடுங்க சிஸ்டர். காலையிலிருந்து நின்னுட்டே இருக்கறீங்க."

வாங்கிக்கொள்ளும்படி ஆயர் தலையை ஆட்டினார். நான் அதை வாங்கிக்கொண்டேன். சிறுவயதிலிருந்து எத்தனையோ முறை அந்த அப்பத்தை வாங்கியிருக்கிறேன். அன்றைப்போல் பசியோடு வாங்கியதில்லை.

அதற்குப் பிறகு அவர் நடப்பது நின்றது. பேச்சு குறைந்து, தேங்க்ஸும் போய், கண் மட்டும் என்னைத் தொடர்ந்துகொண்டிருந்தது. மாலை ஜெபத்தை நான் விடவில்லை. அவர் சொன்ன வரிசையிலேயே சொல்வேன்: நாடு, சபை, பட்டறை, காரமடை. அவர் தங்கை வாரத்துக்கு ஒருமுறை ரயிலேறி வருவாள். வாழைப்பழமும் கீரையும் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஜெபம் செய்யும் நேரம் வந்தால் எழுந்து போகாமல், தலையில் சேலையைப் போட்டுக்கொண்டு இருப்பாள்.

ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்த ஒரு பிற்பகலில் அவர் போனார். நான் நெற்றியைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தபோது மூச்சு நின்றது. கையில் நாடியைப் பிடித்துப் பார்த்தேன், பழக்கம் விடவில்லை. சபைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். பேச்சைக் குறைத்திருந்தவர்கள்கூட மழையில் நனைந்துகொண்டு வந்து நின்றார்கள். அன்று அவர் தலையில் கைவைத்து ஜெபித்த அக்காதான் என் மேல் குடை பிடித்தார். காரமடையிலிருந்து எல்லோரும் வந்தார்கள். ஆயர் முடித்ததும் முதல் பிடி மண்ணைப் போடும்படி அவருடைய தங்கையைத்தான் நான் கூப்பிட்டேன்.

வீடு மிகவும் பெரிதாகிவிட்டது. யாரையும் குளிப்பாட்ட வேண்டாம், கதவைப் பூட்ட வேண்டாம். ஆராதனையில் முழுப் பிரசங்கத்தையும் கேட்க முடிந்தது. கேட்டு என்ன, மனது எங்கோ இருந்தது. மகள் பெங்களூருக்கு வரச் சொன்னாள். பார்க்கலாம் என்றேன்.

இந்தத் தை மாதம் அவர் தங்கைக்கு முழங்கால் ஆபரேஷன் நடந்தது. "கூட இருக்கறதுக்கு மருமக இருக்கறா. ஆனா கட்டுப் போடறதுக்கு உங்க கை வேணுமுங்க" என்று போனில் சொன்னாள். பெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்து வீட்டுக்கு வந்துவிட்டேன். ஒரு வாரம் என்று வந்தது நீண்டுகொண்டே போகிறது. காலையில் அவள் மருமகள் பூஜை அறையில் விளக்கு வைப்பாள். நான் அடுத்த அறையில் வேதத்தைத் திறந்துகொண்டு உட்காருவேன். பிறகு அவர் தங்கையை வாக்கரில் பிடித்து வாழைத்தோப்பு வரைக்கும் நடத்திப் போவேன்.

நடக்கும்போது அவள் அவருடைய சின்ன வயதைச் சொல்கிறாள். கிணற்றில் குதித்து மண்டையை உடைத்துக்கொண்டது, மாட்டுக்கு வைத்த பருத்திக்கொட்டையைத் தின்றுபார்த்து வாந்தி எடுத்தது, தேர் பார்க்கப் போய்த் தொலைந்து ஒரு பொரிக்கடையில் உட்கார்ந்திருந்தது. எனக்கு எல்லாமே புதிது. அவர் ஊரைப் பற்றி வீட்டில் பேசமாட்டார், பேசினால் அழுகை வந்துவிடும். நான் பதிலுக்கு அவர் ராகம் தப்பிப் பாடியதையும், சபையில் வேதம் வாசித்ததையும் சொல்கிறேன்.

நேற்று அவள் நடுவழியில் வாக்கரை நிறுத்திவிட்டு, "அண்ணன் ஊட்டுல சமைக்குமாங்க?" என்று கேட்டாள்.

"கச்சாயம் சுடுவாரு. என்னைக் கிட்டவே விடமாட்டாரு. பாகு இறுகணும், இறுகணும்னு தானே பேசிக்குவாரு."

அவள் சிரிக்கத் தொடங்கி, சிரிப்பு முற்றி வாழைமரத்தைப் பிடித்துக்கொண்டாள். "அது அப்படியே எங்கம்மாதானுங்க!" என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னும் சொல்லுங்கள் என்றாள். வெயில் ஏறுவதற்குள் அவளை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். சொல்லிக்கொண்டே நடத்தினேன்.